ஸ்டார் கட்டாத வீடும் வெண்மணியும்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கினால், சிற்றாற்றுக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற தெரு. பாதிக்கு மேல் கிறித்தவ வீடுகள். பெரும்பாலும் பீடி சுற்றுகிற பெண்கள், சுமை தூக்குகிற ஆண்கள், கொஞ்சம் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட பிள்ளைகள். இந்த வருடம் எங்கள் வீட்டில் ஸ்டார் இல்லை. கடந்த ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். துட்டி விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. அது எங்கள் தெருவின் வழக்கம்.

போன சனிக்கிழமை இரவு கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட பையன் எங்கள் வாசலுக்கு முன்னால் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் மெல்லிய குரலில் ஜெபம் செய்தார். பிறகு சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துபோய், அங்கே மறுபடி டிரம்மை ஆரம்பித்தார்கள். அந்த இருபதடி தூர மௌனத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்ப் பல வருடமாகிறது. ஆனாலும் அன்று அந்த மரியாதை எனக்குத் தேவைப்பட்டது. தோழர்கள் மன்னிக்கட்டும்.

அவர்கள் போனபிறகு அப்பா பரணைப் பார்த்தபடி கேட்டார். "ஏம்மா, அந்த ஸ்டார எடுத்துக் கட்டிருவமா?"

இதைக் கேட்டவர் யார் என்று சொன்னால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். அப்பா தென்காசி மார்க்கெட்டில் சுமைப்பணித் தொழிலாளி. சங்கத்துக்காரர். அம்மாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஆகிற கரண்டுச் செலவைக் கணக்குப் போட்டுச் சொல்லிக் காட்டுகிறவர். எனக்கு நினைவு தெரிந்து எந்த டிசம்பர் 25-ஆம் தேதியும் அவர் வீட்டில் இருந்ததில்லை. 24-ஆம் தேதி சாயங்காலமே கிளம்பி மதுரை, தஞ்சாவூர், திருவாரூர் என்று பஸ் மாறிக் கீழ்வெண்மணிக்குப் போய்விடுவார். 26-ஆம் தேதி கண் சிவந்து, சட்டை கசங்கித் திரும்புவார். அதற்குள் கறிக்குழம்பு மூன்று தடவை சுட வைக்கப்பட்டிருக்கும்.

இந்தத் தளத்தைப் படிக்கிறவர்களுக்கு வெண்மணியை விளக்கத் தேவையில்லை. ஆனால் என்னோடு வேலை பார்க்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சை, நாகப்பட்டினத்துக்கு அருகே கீழ்வெண்மணி. கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியேற மறுத்தார்கள். அதற்காக நிலவுடைமையாளர்களின் ஆட்கள் அன்றிரவு சேரிக்குள் புகுந்தார்கள். ராமையா என்பவரின் சின்னக் குடிசைக்குள் ஓடி ஒளிந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் மீது கதவைச் சாத்தித் தீ வைத்தார்கள். 44 பேர். பிறகு வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைத் தண்டித்தது, சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற தொனியில் இருந்தது அந்தத் தீர்ப்பு. சொத்து இருப்பவன் கொலை செய்ய மாட்டான் என்பது அந்த நாளின் நீதி.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருந்த ஒரே பெரிய சண்டை இந்த 25-ஆம் தேதிதான். "எல்லா வீட்லயும் பண்டியலுக்கு ஆம்பள இருக்கான். எனக்கு மட்டும் வீடு காலி" என்பார் அம்மா. "44 உசுரு கருகுன நாள்ல ஒனக்குக் கறிச்சோறு எறங்குதாக்கும்" என்பார் அப்பா. நான் சின்ன வயதிலிருந்தே அப்பா பக்கம். அப்பாவின் துக்கம் பெரியது, வரலாறு சம்பந்தப்பட்டது. அம்மா கேட்டதோ ஒரு நாள், ஒரு வேளைச் சாப்பாடு, பக்கத்தில் ஒரு ஆள். அது எனக்குச் சிறுமையாகத் தெரிந்தது. இயக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த நோய் உண்டு. பொதுவான சாவுகளுக்கு அழத் தெரியும். பக்கத்து அறையில் இருமுகிறவர் இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் இருப்பார் என்று எண்ணத் தெரியாது.

அம்மா முப்பத்தி நாலு வருடம் பீடி சுற்றினார். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும் நூலும். காலையில் இலையை நனைத்து வைப்பதில் தொடங்கி இரவு கட்டுப் போடும்வரை கை நிற்காது. பீடிக் கடைக்கு நடந்துபோய்க் கொடுத்தால் அங்கே கழிவு என்று ஒரு கைப்பிடியை எடுத்து ஒதுக்குவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. வருடத்தில் ஒரே ஒரு நாள் சுளகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். சாரல் சீசனில், ஐந்தருவிக்கு. அம்மாவின் ஒரே நல்ல போட்டோ அங்கே எடுத்ததுதான். ஈரத் தலை, தோளில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு, பக்கத்தில் முறைத்துக்கொண்டு அப்பா. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அந்தப் படத்தைக் கொடுத்தபோது துட்டிக்கு இது பொருந்தாது என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்பா அதைத்தான் போட வேண்டும் என்று நின்றார். தென்காசி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இரண்டு வாரம் அம்மா ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தைச் சங்க அலுவலகத்தில் ஒருமுறை திரையிட்டார்கள். அப்பா வற்புறுத்தியதால் அம்மா வந்தார். படம் முடிகிறவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கிறிஸ்துமஸ் அன்னைக்குன்னு ஏன் எனக்கு இதுவரை யாரும் சொல்லல?" அப்பா திகைத்துப்போனார். வருடாவருடம் அதைத்தானே கத்திக்கொண்டிருந்தார்! ஆனால் அம்மா கேட்டது அப்பாவை இல்லை. சபையை.

அடுத்த ஞாயிறு அம்மா போதகரிடம் கேட்டிருக்கிறார். 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் அந்த 44 பேருக்காகவும் ஒரு நிமிடம் ஜெபிக்க முடியுமா என்று. அது அரசியலம்மா, பண்டிகை நாளில் வேண்டாம் என்று பதில் வந்தது. எந்தச் சபை, எந்தப் போதகர் என்பதை எழுத மாட்டேன். வேறு எந்தச் சபையில் கேட்டிருந்தாலும் அநேகமாக இதே பதில்தான் வந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இப்போது வருந்துகிறேன். ஏறக்குறைய இப்படி: "ஒங்க சங்கத்துல பண்டியல்னா ஆடம்பரங்காங்க. எங்க சபையில வெண்மணின்னா அரசியல்ங்காங்க. ரெண்டு பேருமே செத்துப்போன பிள்ளையளுக்குத்தான மெழுகுவத்தி பொருத்துதீங்க."

அம்மா சொன்னது வேதாகமத்திலேயே இருக்கிறது. மத்தேயு எழுதிய பிறப்புக் கதையில் நட்சத்திரம், சாஸ்திரிகள், பொன், தூபவர்க்கம் என்று வந்ததும் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த பக்கத்தில் ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். ராகேல் என்ற தாய் அழுகிறாள், யார் தேற்றினாலும் தேற மறுக்கிறாள். கத்தோலிக்கர்கள் டிசம்பர் 28-ஆம் தேதியை அந்தக் குழந்தைகளின் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். ஆக, பிறப்பும் படுகொலையும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். குடிலில் வைக்கோலும் பொம்மை மாடும் வைக்கிற நாம் ராகேலுக்கு மட்டும் ஒரு பொம்மை செய்ததில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அவள்தான். தேற மறுப்பது அவநம்பிக்கை இல்லை. நடந்தது சரியில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பது அது. வெண்மணியில் வருடாவருடம் கூடுகிறவர்கள் செய்வதும் அதைத்தான்.

இனி அம்மாவின் அடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் சுவர் கிடையாது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கர்களைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேசுகிறோம். அங்கே குறைந்தபட்சம் இடிப்பதற்கு ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு வேப்பமரம்தான். அதற்கு மேற்கே மேடு. பளிங்குக் கல்லறைகள், கம்பி வேலி, குடும்பப் பெயர். கிழக்கே ஓடையை நோக்கிச் சரிகிற தாழ்வில் நாங்கள். யாரும் சட்டம் போடவில்லை. யாரைக் கேட்டாலும், "அப்படியே வந்துட்டு" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிறவர்கள், செத்தபின் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தொலைக்காட்சியில் குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரிப்பதைக் காட்டினார்கள். அந்தத் தண்ணீர் கீழே இறங்கி எங்கெல்லாம் போனது என்பதைக் காட்டவில்லை. எங்கள் ஓடை உடைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் தாழ்வுக்குள் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா தன் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாளியோடு போனார். மரச்சிலுவை இல்லை. மேடு இல்லை. சேறு மட்டும் இருந்தது. வேப்பமரத்திலிருந்து அடி எடுத்து எண்ணி, இங்கேதான் இருக்கும் என்று ஓரிடத்தில் மெழுகுவர்த்தியைச் செருகினார். திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார், "எனக்கு மேட்டுல கேளுங்க."

ஆகஸ்டில் கேட்டோம். அப்பாதான் போனார். வாழ்நாளில் அந்தச் சபையின் படியேறாத மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பொறுப்பில் இருந்தவர்கள் முன்னால் நின்றார். மேட்டில் எல்லாம் குடும்பக் கல்லறை, இடமில்லை என்றார்கள். இடமிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பெட்டி வீட்டில் கிடக்கிறது, வெயில் ஏறுகிறது, சொந்தக்காரர்கள் சண்டை வேண்டாம் என்கிறார்கள். முப்பது வருடம் சங்கத்தில் எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்த அப்பா, அன்று எதுவும் பேசாமல் திரும்பி வந்தார். அம்மாவைத் தாழ்வில்தான் வைத்தோம்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். ஆற்றங்கரைக்குப் போகிற வழி ஆதிக்க சாதியினரின் நிலத்தில் இருந்ததால் பிணத்துக்கு வழிவிடவில்லை. அந்த வீடியோவைப் பார்த்து நான் கொதித்துப் பதிவு போட்டேன். என் அம்மாவின் பெட்டி தாழ்வுக்குப் போனபோது கொதிக்கவில்லை. மண்ணள்ளிப் போட்டேன். அடுத்தவர் துக்கத்தில் வருகிற கோபம், சொந்தத் துக்கத்தில் வெட்கமாக மாறிவிடுகிறது. சாதி அந்த வெட்கத்தை நம்பித்தான் சாவு வீட்டில் துணிச்சலாக நடமாடுகிறது.

சிலுவையில் பெயர் எழுதும்போது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. அம்மாவின் பெயர் எஸ்தர். ஒரே பெயர். எங்கள் தாழ்வில் கிடக்கிற பல சிலுவைகளில் பெயரே இல்லை. இனிஷியலும் தேதியும் மட்டும். காசில்லாததால் என்று நினைத்திருந்தேன். அதுமட்டும் காரணமில்லை என்று தெருப் பெண்கள் பிறகு சொன்னார்கள். எங்களில் பலருக்கு இரண்டு பெயர்: பள்ளிச் சான்றிதழில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் இந்துக்களாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். கல்லறையில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் பழைய பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ்க் கோரிக்கையை நிராகரித்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், எனவே இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது. தீர்ப்பு வந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஞானஸ்நானப் பதிவேடு சாட்சியாகும் என்றால் கல்லறைச் சிலுவை ஆகாதா? பேரப்பிள்ளையின் கல்லூரி இடத்துக்காகப் பாட்டி பெயரில்லாமல் மண்ணுக்குள் கிடக்க வேண்டியிருக்கிறது. அம்மா மட்டும் இரண்டு பெயருக்கு ஒத்துக்கொண்டதில்லை. "எஸ்தரே வேற பேர்ல அரமனையில இருந்தவதானட்டி" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வார். அம்மா சிரிப்பார், மாற்ற மாட்டார். அதனால் நான் இழந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். கல்லூரிச் சேர்க்கையின்போது அவரைத் திட்டியும் இருக்கிறேன். இன்று அந்தத் தாழ்வில் முழுப் பெயரோடு நிற்கிற சில சிலுவைகளில் ஒன்று அவருடையது.

2022-இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்துக் காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டே போனது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானங்கள் நல்லவை. ஆனால் சபைக்குள் இருக்கிற சாதியைச் சொன்னால் அது மதத்தின் உள்விவகாரம் என்பார்கள். சட்டத்திடம் போனால் உன் மதத்தில்தான் சாதியே இல்லையே என்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் தலித் கிறித்தவர்களால் பயன்படுத்த முடியாது. இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிறது வேப்பமரம்.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் நமக்கு நினைவேந்தல் மாதம். 6-ஆம் தேதி அம்பேத்கர், 24-ஆம் தேதி பெரியார், 25-ஆம் தேதி வெண்மணி. அதே 25-ஆம் தேதிதான் 1927-இல் மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 26-ஆம் தேதி சுனாமி. 2004-இல் நாகப்பட்டினம் கரையில் அழுகிக் கிடந்த உடல்களை எடுத்துப் புதைக்கப் பல ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனை சாவுகளை நினைவில் சுமக்கிற நமக்கு, பக்கத்துத் தோழரின் வீட்டுச் சாவை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவின் சங்கத் தோழர்கள் துட்டிக்கு வந்தார்கள், மாலை போட்டார்கள், முழக்கமும் போட்டார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு யாரும் அம்மா பெயரை எடுக்கவில்லை. ஜெபம், கல்லறை, மெழுகுவர்த்தி என்றாலே ஒதுங்கிக்கொள்கிற பகுத்தறிவு நமக்கு. சபைப் பெண்களோ வாரம் தவறாமல் வந்து அப்பாவுக்குக் குழம்பு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மேட்டில் இடமில்லை என்று சொன்ன அதே சபையின் பெண்கள். எல்லாம் தாழ்வின் பெண்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேலை நாட்டுத் திருச்சபைகள் சிலவற்றில் டிசம்பர் 21-ஆம் தேதியை ஒட்டி, வருடத்தின் மிக நீண்ட இரவில், அந்த வருடம் யாரையாவது இழந்தவர்களுக்கென்று தனியாக ஒரு ஆராதனை வைக்கிறார்கள். கொண்டாட்டப் பாட்டு கிடையாது. பேர் சொல்லி விளக்கேற்றுவார்கள், அழலாம், எழுந்து போய்விடலாம். இதைப் படித்தபோது கேரல் பையன்கள் எங்கள் வாசலில் நிறுத்திய டிரம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்த விளக்குகளில் வெண்மணியின் பெயர்களும் வரட்டும் என்றுதான் அம்மா கேட்டார். அதைத்தான் அரசியல் என்றார்கள்.

நம்பிக்கை என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், பெரிய பதில் என்னிடம் இல்லை. அம்மாவோடு பீடிக் கடைக்கு நடந்துபோகிற ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறார். துட்டி வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் வந்து, "மாவு நான் இடிச்சுத் தாரேன், முந்திரிக்கொத்து உங்க அம்மா பக்குவத்துலயே உருட்டிருவோம், வீட்ல அடுப்பு வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா வருடாவருடம் மேலத்தெருவுக்கும் பலகாரத் தட்டு அனுப்புவார். கடையில் வாங்கிய கேக் என்றால் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் சுட்ட முறுக்கு என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே நாளில் சுகர் வந்துவிடும். 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில், பாஞ்சாங்குளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்ததை வீடியோவில் பார்த்தோமே. எங்கள் ஊரில் நம் கையால் கொடுப்பதை வாங்க மாட்டார்கள், அங்கே நமக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அப்படியான மாவட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் பக்குவத்தை நினைவில் வைத்திருந்து மாவு இடிக்கிறேன் என்கிறாள். இதைவிடப் பெரிய அஞ்சலிக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. தாழ்வில் ஆள் புதைத்த பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். இனி அடக்கம் வரிசைப்படி நடக்க வேண்டும், மேடு தாழ்வு பார்க்கக் கூடாது, இறந்த தேதிதான் வரிசை என்று. சபைக்கூட்டம் ஜனவரியில். கையெழுத்து வாங்கப் போனபோது இரண்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், பெயர் வெளியே வந்தால் சான்றிதழுக்கு ஆபத்து என்று. நான் கோபப்படவில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு இளைஞன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒன்று. படிக்கிற தோழர்களில் கிறித்தவர்களாக இருப்பவர்கள் இந்த 25-ஆம் தேதி காலையில் உங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், உங்கள் வீட்டுக் கல்லறைக்கு மாலை போட்டபிறகு கொஞ்சம் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அங்கே யார் கிடக்கிறார்கள் என்று.

ஸ்டார் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கேட்டதற்கு நான் வழக்கத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், "ஒரு வருசமாவது இருங்கன்னு கேட்டா. இருக்கல. இந்த வருசம் இருக்கேன்." நாற்பது வருடமாகத் தவறாத ஒரு பயணத்தை அவர் விடுவதாகச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமானது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா போனதோடு வெண்மணியும் அவரைவிட்டுப் போய்விட்டால் மனிதருக்கு என்ன மிஞ்சும்?

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதிகாலை நாலு மணி ஆராதனை. அப்பா உள்ளே வர மாட்டார், வாசலில் நிற்பார். ஆறு மணிக்குக் கல்லறை. வெள்ளையடிப்பதை முந்தின நாளே முடித்துவிடலாம். ஏழரைக்குத் தென்காசியில் பஸ் ஏறினால் இரவு எப்படியும் வெண்மணி போய்ச் சேர்ந்துவிடலாம். கூட்டமெல்லாம் முடிந்து எல்லோரும் திரும்பியிருப்பார்கள். குடிசைக்குத் தீ வைத்ததும் இரவில்தான். நினைவிடத்தில் 44 பேரின் பெயர்களும் இருக்கின்றன. அம்மாவின் பெயரில் அங்கே ஒரு மெழுகுவர்த்தி, அவர்கள் பெயரில் இங்கே தாழ்வில் ஒன்று. மெழுகுவர்த்திப் பாக்கெட்டை இப்போதே வாங்கி வைக்கிறேன், 24-ஆம் தேதி விலை ஏற்றிவிடுவான் என்றார் அப்பா. அப்புறம் போனை எடுத்துச் சங்கத்துத் தோழர் ஒருவரைக் கூப்பிட்டு, திருவாரூரிலிருந்து ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.